ரங்கூன் வாழ்க்கைக்கு எந்த இடைவிரதம் ஒத்துவரும்?

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே நம் ஆட்கள் பலர் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் எனும் இடைவிரதத்தில் இறங்குகிறார்கள். இரண்டு வாரம் கழித்து விசாரித்தால் "நமக்கு அது சரிப்படலை" என்கிறார்கள். அவர்களுக்கு மன உறுதி போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. அந்த வீடியோக்களில் காட்டும் அட்டவணை, நாள் முழுக்க கரண்ட் இருக்கிற, நினைத்த நேரத்தில் சமைக்க முடிகிற, ராத்திரி பத்து மணிக்கு நிம்மதியாகப் படுக்க முடிகிற ஊருக்காகப் போட்டது. ரங்கூனில் சோறு எந்த மணிக்கு வேகும் என்பதை மின்சார வாரியத்தின் சுழற்சிதான் தீர்மானிக்கிறது.

அதனால் ஒவ்வொரு முறையையும் மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். கரண்ட் வருகிற போகிற நேரத்தோடு ஒத்துப்போகுமா? வீட்டில் மற்றவர்கள் சேர்ந்து சாப்பிடுவதைக் கெடுக்காமல் இருக்குமா? ஒரு கெட்ட நாளில் விட்டுப்போனால் மறுநாள் திரும்பப் பிடிக்க முடியுமா? இந்த மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இந்த ஊரில் கெட்ட நாள்கள் எத்தனை வந்தன என்பது நமக்கெல்லாம் தெரியும். அதனால் எனக்கு அதுதான் முதல் கேள்வி.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த 16:8, அதாவது பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, மதியம் பன்னிரண்டு முதல் இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடிப்பது. இதே நேரக்கணக்கில் அமெரிக்காவில் 116 பேரை வைத்துப் பன்னிரண்டு வாரம் நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. விரதம் இருந்தவர்கள் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இளைத்தார்கள். வழக்கம்போல் மூன்று வேளை சாப்பிட்டவர்களும் முக்கால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட இளைத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. போதாததற்கு, நேரில் வரவழைத்து அளந்து பார்த்தவர்களிடம் குறைந்த எடையில் பெரும்பங்கு கொழுப்பாக இல்லை, தசையும் அது சார்ந்ததுமாக இருந்தது. நாற்பதைத் தாண்டிய நமக்கு இது கவலைப்பட வேண்டிய விஷயம்.

சரி, ஆய்வை விடுங்கள். ரங்கூனில் காலைச் சாப்பாட்டை விடுவது என்றால் என்ன? நாளிலேயே சத்துள்ள, கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கிற சாப்பாட்டை விடுவது என்று அர்த்தம். விடிந்ததும் தலையில் தட்டோடு "பே பியோ" என்று கூவிக்கொண்டு வருகிற அம்மாவிடம் வாங்கும் அவித்த முளைப்பட்டாணி, அதில் கொஞ்சம் எண்ணெய், வெங்காயம், பழைய சோறு. இல்லை என்றால் முனைக்கடை மொகிங்கா, மீனும் வாழைத்தண்டும் போட்ட குழம்பு. புரதமும் நார்ச்சத்தும் இந்த வேளையில்தான் நமக்குத் தானாகக் கிடைக்கின்றன. இதை விட்டுவிட்டு மதியம் பன்னிரண்டுக்கு உட்கார்ந்தால், பசியில் தட்டு நிறையச் சோறுதான் போகிறது. பர்மாவில் வளர்ந்த யாருக்கும் சோற்று அளவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

சூரத்தி பஜாரில் மசாலாக் கடை வைத்திருக்கும் என் அண்ணன் இந்த முறையைத்தான் முதலில் பிடித்தார். கடை திறப்பது காலையில், வியாபாரம் சூடாக இருப்பது பதினொன்று வரை. அந்த நேரம் முழுக்கக் காலி வயிறு. மிளகாய் மூட்டை தூக்குகிறவருக்கு அது தாங்குமா? "தம்பி, பத்து மணிக்குக் கை நடுங்குது. யாரிடமும் பேசப் பிடிக்கலை" என்றார். இரவு எட்டு வரை சாப்பிடலாம் என்ற சலுகையை மட்டும் அவர் தவறாமல் பயன்படுத்தினார், ஏனென்றால் கடை மூடி வீடு வந்து சேர்வதே ஏழு மணி. மாலைக்குப் பிறகு உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் காலையைவிடக் குறைவு. அந்த நேரத்தில் பெரிய தட்டு வைப்பதுதான் இந்த முறையின் பலவீனம். மூன்று கேள்விகளுக்கும் இது தேறவில்லை என்பது என் முடிவு. காலையில் எழுந்ததும் இயல்பாகவே பசிக்காத ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் இது பொருந்தலாம்.

இதற்கு நேர் எதிர்முறை, பகலோடு சாப்பாட்டை முடித்துவிடுவது. காலை ஏழிலிருந்து மதியம் மூன்றுக்குள். இதைப் பற்றி அமெரிக்காவின் அலபாமாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2018-இல் வந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற எட்டு ஆண்கள், ஐந்து வாரம், ஆறு மணி நேரத்துக்குள் மூன்று வேளையும், கடைசி வேளை மூன்று மணிக்கு முன்னால். எடை குறையாதபடி சாப்பாட்டை அளந்து கொடுத்தார்கள். அப்படியும் இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது, ரத்த அழுத்தம் இறங்கியது, மாலைப் பசியும் குறைந்தது. எட்டுப் பேர் என்பது மிகச் சிறிய கணக்கு, அதை வைத்து ஊரையே மாற்ற முடியாது. ஆனாலும் எடையே குறையாமல் இந்தப் பலன் கிடைத்தது என்பதால் இந்த ஆய்வை நான் மதிக்கிறேன்.

இந்த நாட்டில் இது புதிய யோசனையே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பிக்குகள் நண்பகலுக்கு மேல் திட உணவு தொடுவதில்லை. அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி என்று மாதம் நான்கு உபோசத நாள்களில் எட்டு சீலம் எனும் ஒழுக்க விதிகளை எடுக்கும் சாதாரண பர்மியக் குடும்பங்களும் அப்படியே இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசோ பௌர்ணமியிலிருந்து தடிஞ்சூட் வரை, மழைக்காலம் மூன்று மாதமும் இந்த நாள்களை விடமாட்டார். பதினொரு மணிக்குள் சாப்பாடு முடிந்துவிடும். அப்புறம் வெறும் யேநுவேஜான்தான், டீக்கடை மேசையில் ஃபிளாஸ்க்கில் சும்மா வைத்திருப்பார்களே, அந்தப் பச்சைத் தேயிலைத் தண்ணீர். அவருடைய விரதத்தின் நோக்கம் எடை குறைப்பது அல்ல. ஆனால் மதியத்துக்கு மேல் சாப்பிடாமல் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று தெரிந்துகொள்ள எந்த ஆப்பும் தேவையில்லை, அவரிடம் கேட்டால் போதும். "முதல் நாள் சாயங்காலம் நாலு மணி ரொம்பக் கஷ்டம். ஆறு மணிக்கு மறந்துடும்" என்றார். கடைசியாக ஒரு வேளை நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கு இது பெரும்பாலும் உண்மை. பசி ஏறிக்கொண்டே போவதில்லை, அலையாக வந்து இறங்கும்.

ரங்கூனுக்கு இந்த முறை வேறு விதத்திலும் பொருந்துகிறது. இங்கே வேலைக்குப் போகிறவர்கள் டிபன் கேரியர் கட்டிக்கொண்டு போய் பதினொன்று, பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடுகிறார்கள், ஆகவே நாளின் பெரிய சாப்பாடு ஏற்கனவே முன்னால்தான் இருக்கிறது. இன்னொன்று, ஃபிரிட்ஜை நம்ப முடியாத காலம் இது. ராத்திரி மிஞ்சிய மீன் குழம்பு காலையில் நுரைத்துப் போகிறது. சமைத்ததைப் பகலிலேயே தீர்த்துவிடும் வீட்டில் எதுவும் கெடுவதில்லை. எண்ணெய் விலையும் அரிசி விலையும் இப்படி இருக்கும்போது இது சின்னக் காரியம் இல்லை.

பின்னே ஏன் எல்லோருக்கும் இதையே சொல்லக் கூடாது? இரவுச் சாப்பாடுதான் காரணம். கடையிலிருந்து ஒருவர், தொழிற்சாலையிலிருந்து ஒருவர், டியூஷனிலிருந்து ஒரு பிள்ளை என்று எல்லோரும் வந்து சேர்கிற ஒரே வேளை அது. அந்த நேரத்தில் வீட்டுக்குத் தலையானவர் தட்டில்லாமல் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகளுக்குச் சோறு இறங்காது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி இருக்கலாம், மாதம் முழுக்க இழுத்தால் வீட்டில் மனக்கசப்புதான் மிஞ்சும். தனியாக இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட தம்பதிகள், இவர்களுக்கு இதுதான் என் முதல் சிபாரிசு. இப்படிப்பட்ட தம்பதிகள் இப்போது நம்மிடையே நிறைய. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்த பிறகு எத்தனை வீட்டில் இளம் பிள்ளைகளை அவசரமாக வெளியே அனுப்பினோம் என்று சொல்லத் தேவையில்லை.

குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. ஆறரை, ஏழுக்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, மறுநாள் காலை ஏழு முதல் ஒன்பதுக்குள் காலைச் சாப்பாடு. பன்னிரண்டிலிருந்து பதினான்கு மணி நேர இடைவெளி. வீடியோவில் இதைப் பற்றிப் பேசினால் யாரும் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு சாதாரணம். ஆனால் கடைசி வேளைக்குப் பின் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில்தான் கல்லீரலின் சேமிப்புச் சர்க்கரை வடிந்து உடம்பு கொழுப்பை அதிகமாக எடுக்கத் தொடங்குகிறது. இப்போது பலர் வீட்டில் அந்த நேரம் வருவதே இல்லை. காரணம் ராத்திரி பதினொரு மணி.

அந்த நேரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். சாயங்காலம் போன கரண்ட் பதினொன்றுக்கு வருகிறது. தெரு முழுக்க "மீ லாபி!" (கரண்ட் வந்தாச்சு) என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். தூங்கியவர்களும் எழுந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறார்கள், போனையும் பேட்டரியையும் சார்ஜில் போடுகிறார்கள், நாளைக்குச் சோறு வைக்கிறார்கள். தண்ணீர் நிரம்பும் வரை முக்கால் மணி நேரம் என்ன செய்வது? விபிஎன் போட்டுச் செய்தி பார்ப்போம். எந்த ஊரில் குண்டு விழுந்தது, எந்த வழி மூடியது, டாலர் என்ன விலை. பார்க்கப் பார்க்க நெஞ்சு அடைக்கும், கை தானாக பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். அல்லது ஒரு நூடுல்ஸ் பாக்கெட். அல்லது கன்டென்ஸ்டு மில்க் தாராளமாக ஊற்றிய டீ. பகலில் பதினாறு மணி நேரக் கணக்கு போட்டவரின் விரதம் இங்கேதான் முறிகிறது. மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை ஏறுவதற்கும் பல வீடுகளில் இந்த நான்காவது வேளைதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே இந்த மூன்றாவது முறையில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வாயில் எதுவும் போடக் கூடாது, கரண்ட் வந்தாலும் சரி. தண்ணீர், பால் சேர்க்காத தேநீர், யேநுவேஜான் மூன்றும் பரவாயில்லை. மோட்டார் ஓடும் நேரத்தில் போனைச் சார்ஜில் வைத்துவிட்டு நாளைய வெங்காயத்தை உரித்து வையுங்கள். செய்தியைக் காலைச் சாப்பாட்டோடு பாருங்கள். வயிற்றில் ஏதாவது இருக்கும்போது அதே செய்தியைத் தாங்கும் தெம்பும் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. கரண்ட் கணக்கு மாறினாலும் இந்த முறை மாறாது, குடும்பச் சாப்பாட்டைத் தொடாது, ஒரு நாள் தவறினால் மறுநாளே சரியாகிவிடும்.

5:2 என்ற முறை வேறு மாதிரி. வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல், இரண்டு நாள் பெண்களுக்கு 500 கலோரி, ஆண்களுக்கு 600. 2012-இல் பிபிசி வழியாக மைக்கேல் மோஸ்லி என்ற மருத்துவ நிருபர் இதைப் பிரபலமாக்கினார். செவ்வாய், வெள்ளி ஒருபொழுது இருந்து பழகிய நம் வீட்டுப் பெண்களுக்கு இது உடனே பிடிபடும். அனோரட்டா சாலைக் காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஒரே வேளை சாப்பிடுவது புதிதா என்ன? ஆனால் கணக்கில் ஒரு சிக்கல். ஒருபொழுது என்று சொல்லிவிட்டு வடை, பாயசம், பொரித்த அப்பளம், நெய் ஊற்றிய சர்க்கரைப் பொங்கல் என்று அந்த ஒரு வேளையே ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. 500 கலோரி என்றால் ஒரு கிண்ணம் சோறு, பருப்பு ஒரு கரண்டி, கீரை, ஒரு முட்டை அல்லது கொஞ்சம் பயறு. அவ்வளவுதான். அதைச் செய்ய முடிந்தால் இது நல்ல முறை. சாமிக்கு இருக்கும் விரதத்தையும் எடைக்கு இருக்கும் விரதத்தையும் ஒரே நாளில் வைத்தால் பலகாரம்தான் ஜெயிக்கும், எனவே எடைக்கு வேறு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

ஒன்று விட்டு ஒரு நாள் பட்டினி, நாளுக்கு ஒரே வேளை, இந்த இரண்டைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. ஒன்று விட்டு ஒரு நாள் முறையில் அமெரிக்காவில் ஓராண்டு ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்டார்கள். விரதக் குழுவில் 38 சதவீதம் பேர் பாதியில் விட்டார்கள், தினமும் அளவைக் குறைத்துச் சாப்பிட்டவர்களைவிட எடையும் கூடுதலாகக் குறையவில்லை. நிம்மதியான ஊரிலேயே இந்த நிலை.

எந்த மணிநேரம் என்பதில் மந்திரம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சீனாவின் குவாங்சௌவில் 139 பேரை ஓராண்டு கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில் எல்லோருக்கும் குறைந்த கலோரிச் சாப்பாடு, ஒரு பிரிவினர் மட்டும் அதைக் காலை எட்டு முதல் மாலை நான்குக்குள் சாப்பிட்டார்கள். அவர்கள் 8 கிலோ இளைத்தார்கள், மற்றவர்கள் 6.3 கிலோ. அந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான் என்று கணக்கு சொல்லியது. நேரக் கட்டுப்பாடு நம்மைக் குறைவாகச் சாப்பிட வைக்கிறது, பலனில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. பதினாறு மணி நேரம் தாண்டினால் செல்கள் தங்களையே சுத்தம் செய்துகொள்ளும், அதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள் என்று ஒரு பேச்சும் சுற்றுகிறது. 2016-இல் யோஷினோரி ஓசுமிக்குப் பரிசு கிடைத்தது உண்மை. அவர் அந்த இயக்கத்தைக் கண்டுபிடித்தது ஈஸ்ட்டில். மனிதருக்குப் பதினாறாவது மணியில் அது தொடங்கும் என்று அவர் சொல்லவில்லை.

பயமுறுத்தும் செய்தியும் வந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்க இதயச் சங்கத்தின் மாநாட்டில் சமர்ப்பித்த ஒரு ஆய்வு, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறவர்கள் இதய நோயால் இறக்கும் அபாயம் 91 சதவீதம் கூடுதல் என்றது. ஃபேஸ்புக்கில் அது பறந்தது, அண்ணன் அன்றைக்கே விரதத்தை விட்டார். அந்த ஆய்வில் சுமார் இருபதாயிரம் பேர் என்ன சாப்பிட்டார்கள் என்பதை இரண்டே நாள் விவரத்தை வைத்து முடிவு செய்திருந்தார்கள். நோயால் பசி குறைந்து ஒரு வேளை மட்டும் சாப்பிட்டவரும் அதில் விரதக்காரராகக் கணக்கில் வந்திருக்கலாம். விரதம் இதயத்தைக் கெடுத்தது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. எட்டு மணி நேரத்துக்குள் நெருக்கிச் சாப்பிடுவது பாதுகாப்பானது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. இதய நோய் உள்ளவர்கள் பன்னிரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாத்திரை விஷயத்தை மட்டும் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். எங்கள் அம்மா சர்க்கரைக்குக் கிளிக்லசைடு சாப்பிடுகிறார். கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு ஆகியவையும் இன்சுலின் ஊசியும், சாப்பிடாமல் இருந்தாலும் சர்க்கரையைத் தள்ளிக் கீழே இறக்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்து ரத்தச் சர்க்கரை அளவு 70 mg/dL-க்குக் கீழே போனால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. எப்படியானாலும் டாக்டரிடம் நேரத்தைச் சொல்லி, அளவை மாற்றிய பிறகே விரதம். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், வளரும் பிள்ளைகள் யாருக்கும் இது வேண்டாம். விலைவாசியால் ஏற்கனவே ஒரு வேளையைக் குறைத்துக்கொண்டவர்களிடம் விரதத்தின் மகிமையைப் பேசவே வேண்டாம். அவர்களுக்குத் தேவை சாப்பாடு.

வெயில் காலத்தில் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் எந்த எடைக்குறைப்பு முறையும் ஆபத்து. 2024 ஏப்ரல் 28-ஆம் தேதி மக்வே பகுதியின் சௌக் ஊரில் 48.2 டிகிரி பதிவானது. ரமலான் நோன்பு வேறு, அது இறைவனுக்கானது, நம் சூலியா (தமிழ் முஸ்லிம்) உறவுகள் அதன் ஒழுங்கைத் தலைமுறையாக அறிந்தவர்கள். எடைக்காக அதைப் பார்த்துத் தண்ணீர் இல்லாமல் இருக்க வேண்டாம்.

ரமலான் என்றதும் 2025 மார்ச் 28 நினைவுக்கு வராமல் போகாது. நோன்பின் கடைசி வெள்ளி, ஜும்ஆ நேரம், 7.7 அளவில் பூமி ஆடி மண்டலேயிலும் சகாயிங்கிலும் பள்ளிவாசல்கள் தொழுதுகொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. மடங்களும் விழுந்தன. அந்த வாரத்தில் விரதக் கணக்கை நிறுத்திவிட்டேன். அழுதுகொண்டும் போனைப் பார்த்துக்கொண்டும் இருந்த வீட்டில் யார் எப்போது சாப்பிட்டோம் என்பதற்குக் கணக்கில்லை. அப்படிப்பட்ட நாள்களில் கிடைத்ததைக் கிடைத்த நேரத்தில் சாப்பிட வேண்டும். பதினாறு மணி நேர அட்டவணையை மறுபடி தொடங்கப் பல நாள் உடம்பைப் பழக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி ஏழுக்கு மேல் வேண்டாம் என்ற பழக்கமோ, துக்கம் கொஞ்சம் அடங்கிய அன்றைக்கே வந்து சேர்ந்துகொண்டது.

எங்கள் வீட்டில் இப்போது இப்படி இருக்கிறோம். நானும் மனைவியும் மாலை ஏழோடு நிறுத்துகிறோம், காலை எட்டரைக்கு பே பியோவும் சோறும். அண்ணன் கடை திறக்கும் முன் மொகிங்கா சாப்பிடுகிறார், பன்னிரண்டுக்கு டிபன் கேரியர், மாலை ஐந்துக்குக் கடையிலேயே அண்ணி கட்டிக்கொடுத்த சின்னப் பொட்டலம், அதோடு சரி. இரவு ஏழுக்கு வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து யேநுவேஜான் குடிக்கிறார். அம்மாவுக்கு டாக்டர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றார், மாத்திரையையும் காலைச் சாப்பாட்டோடு மட்டும் என்று மாற்றிக் கொடுத்தார். வாரம் இரண்டு முறை விடிகாலையில் விரல் குத்திப் பார்க்கிறோம். திஞ்சான் எனும் பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் சொந்தக்காரர்கள் வந்து சேரும்போது அண்ணனின் ஐந்து மணிக் கணக்கு நிற்குமா என்று தெரியவில்லை. நிற்காவிட்டால் அந்த ஐந்து நாளும் எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடட்டும், கடை திறக்கிற அன்றைக்குத் தொடரலாம் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன்.